நேற்றைய சம்மதம் இன்றைக்குச் செல்லுமா?

2014 மே மாதம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கார்னர் என்ற சிற்றூர். அங்கே ஒரு பராமரிப்பு இல்லத்தில் அல்சைமர் நோய் முற்றிய நிலையில் ஒரு மூதாட்டி தங்கியிருந்தார். அவருடைய கணவர் ஹென்றி ரேஹான்ஸ் அடிக்கடி வந்து பார்ப்பார். அவர் ஒரு விவசாயி. மாநிலச் சட்டமன்றத்தில் நீண்டகால உறுப்பினரும்கூட. கணவன், மனைவி இருவருமே முதல் துணையை இழந்தவர்கள். தேவாலயத்தில் பழகி, 2007-ல், எழுபது வயதை ஒட்டி மறுமணம் செய்துகொண்டவர்கள்.

மே 15 அன்று அந்த இல்லத்தில் நடந்த ஒரு சந்திப்பில் ரேஹான்ஸிடம் ஒரு செய்தி சொல்லப்பட்டது: உங்கள் மனைவியால் இனி உடலுறவுக்குச் சம்மதம் தர இயலாது, இது மருத்துவரின் கருத்து. எட்டு நாள் கழித்து, மே 23 அன்று அவர் மனைவியின் அறைக்கு வந்துபோனார். அதே அறையில் இன்னொரு மூதாட்டியும் இருந்தார். திரைக்கு அந்தப் பக்கம் கேட்ட சத்தம் தனக்குச் சங்கடமாக இருந்தது என்று அவர் பணியாளர்களிடம் சொன்னார். போலீஸ் விசாரணை தொடங்கியது. ஆகஸ்டில் மனைவி இறந்துபோனார். ஒரு வாரத்தில் ரேஹான்ஸ் கைதானார். மனைவியிடம் பாலியல் குற்றம் செய்தார் என்பது வழக்கு.

2015 ஏப்ரலில் விசாரணை நடந்தது. அன்றைக்கு உறவு எதுவும் நடக்கவில்லை, கையைப் பிடித்துக்கொண்டிருந்தோம், முத்தமிட்டேன், அவ்வளவுதான் என்று ரேஹான்ஸ் சாட்சிக் கூண்டில் சொன்னார். ஏப்ரல் 22 அன்று நடுவர் குழு அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. அப்போது அவருக்கு வயது 78.

நடுவர் குழு தன் தீர்ப்புக்குக் காரணம் எழுதித் தருவதில்லை. அதனால் அந்த வழக்கு எழுப்பிய பெரிய கேள்விக்கு அங்கே பதில் கிடைக்கவில்லை. கணவனை அடையாளம் கண்டு சிரிக்கிற, ஆனால் இன்று என்ன கிழமை என்று சொல்லத் தெரியாத ஒரு மனைவியால் ‘சரி’ சொல்ல முடியுமா? சொன்னால் அது செல்லுமா?

இந்தக் கேள்வி நம் வீடுகளிலும் இருக்கிறது. 2023-ல் வெளியான ஓர் ஆய்வின்படி இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்ற மறதிநோய் இருக்கிறது. அல்சைமர் அதில் ஒரு வகை. அவர்களில் பலர் கணவன் அல்லது மனைவியோடுதான் வாழ்கிறார்கள், ஒரே அறையில் படுக்கிறார்கள். ஆனால் இதைப் பற்றி டாக்டரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. பிள்ளைகளிடம் பேசவே முடியாது. அதனால்தான் இதை அடிப்படையிலிருந்து சொல்லிப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

முதலில் சம்மதம் என்றால் என்ன? என்ன நடக்கப்போகிறது என்று புரிய வேண்டும். யாருடன் என்று தெரிய வேண்டும். வேண்டும், வேண்டாம் என்று தேர்ந்தெடுக்க முடிய வேண்டும். தேர்ந்தெடுத்ததை வாயாலோ உடம்பாலோ வெளிக்காட்ட முடிய வேண்டும். பாதியில் மனசு மாறினால் நிறுத்தச் சொல்லவும் முடிய வேண்டும். நீண்ட காலம் சேர்ந்து வாழ்ந்த தம்பதிகள் இதை எல்லாம் வார்த்தையில் கேட்டுக்கொள்வதில்லை. ஒரு பார்வை, ஒரு பெருமூச்சு, திரும்பிப் படுத்துக்கொள்வது என்று நாற்பது ஆண்டுகளில் ஒரு தனி மொழியே உருவாகியிருக்கும். டிமென்ஷியா அந்த மொழியையும் சேர்த்துத்தான் கலைக்கிறது. பழைய பழக்கத்தில் படிக்கிற சைகைக்கு இப்போது வேறு பொருள் இருக்கலாம்.

‘கல்யாணம் ஆகிவிட்டதே, அப்புறம் என்ன சம்மதம்?’ என்று கேட்பவர்கள் உண்டு. இந்த எண்ணத்துக்கு நீண்ட சட்ட வரலாறே இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து நீதிபதி மேத்யூ ஹேல், திருமணத்தின்போது மனைவி தன்னைக் கொடுத்துவிடுகிறாள், அதைத் திரும்பப் பெற முடியாது என்று எழுதிவைத்தார். அது அச்சில் வந்தது 1736-ல். அந்த ஒரு கருத்து இரண்டரை நூற்றாண்டுக்குமேல் பல நாடுகளின் சட்டத்தில் உட்கார்ந்திருந்தது. இங்கிலாந்தில் அது 1991-ல்தான் முழுதாக விழுந்தது. அமெரிக்காவில் 1993-க்குள் எல்லா மாநிலங்களும் திருமண உறவுக்குள் நடக்கும் வல்லுறவை ஏதோ ஒரு வடிவில் குற்றமாக்கின. சிங்கப்பூர் 2020 ஜனவரி 1 முதல் கணவனுக்கு இருந்த விலக்கை நீக்கியது. இலங்கையில் நீதிமன்றத்தின் வழியாகப் பிரிந்து வாழும் தம்பதி என்றால் மட்டுமே அது வல்லுறவுக் குற்றமாகும். இந்தியாவில், பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவில், 18 வயது நிரம்பிய மனைவி விஷயத்தில் கணவனுக்கு இன்னும் விதிவிலக்கு இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மட்டும் கணவன் செய்யும் பாலியல் கொடுமையையும் வன்முறையாகவே எண்ணுகிறது.

ஆனால் சட்டம் தண்டிக்குமா என்பது ஒரு கேள்வி, பக்கத்தில் படுத்திருப்பவருக்கு இது வேண்டுமா என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு வக்கீலிடம் பதில் கேட்கலாம். இரண்டாவது கேள்விக்கு அவர் ஒருவரிடம்தான் பதில் இருக்கிறது.

இங்கே இன்னொரு ஹேலைச் சொல்ல வேண்டும். பிரெண்டா ஹேல், பிரிட்டனின் மிக உயர்ந்த நீதிபதிகளில் ஒருவராக இருந்தவர். மனநலம் பாதிக்கப்பட்ட ஒரு பெண் சம்பந்தப்பட்ட வழக்கில் 2009-ல் அவர் சொன்னதன் சாரம் இது: பொதுவாக உடலுறவுக்கு என்று யாரும் சம்மதிப்பதில்லை, இந்த மனிதரோடு, இந்தச் செயலுக்கு, இந்த நேரத்தில், இந்த இடத்தில் என்றுதான் சம்மதிக்கிறார்கள். பழைய ஹேல் சொன்னதற்கு நேர் எதிர். டிமென்ஷியா உள்ள துணையைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டி கிடைக்கவில்லை.

‘புத்தி போய்விட்டது’ என்பது அவ்வளவு எளிதான தீர்ப்பு அல்ல

டிமென்ஷியா விளக்கை அணைப்பதுபோல ஒரே நாளில் எல்லாவற்றையும் அணைப்பதில்லை. எந்தப் புடவை கட்டுவது என்று சொல்லத் தெரிந்தவருக்கு, நிலப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதன் பொருள் புரியாமல் போகலாம். காலையில் தெளிவாகப் பேசுபவர் பொழுது சாயும்போது குழம்பிப்போவார். சிறுநீர்த் தொற்று வந்தால்கூடத் திடீரென்று யாரையும் தெரியாமல் போகலாம், தொற்று சரியானதும் கொஞ்சம் மீண்டு வரலாம். அதனால்தான் இங்கிலாந்தின் 2005-ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம், முடிவெடுக்கும் திறனை ஒட்டுமொத்தமாக அளக்கக் கூடாது என்கிறது. இந்த முடிவுக்கு, இந்த நேரத்தில் திறன் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். இல்லை என்று காட்டப்படும் வரை இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

அமெரிக்கப் பராமரிப்பு இல்லங்களில் ஒரு சிறிய சோதனை வைப்பார்கள். சாக்ஸ், நீலம், கட்டில் என்று மூன்று சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்து நினைவிருக்கிறதா என்று கேட்பார்கள். இது என்ன ஆண்டு, என்ன மாதம், என்ன கிழமை என்றும் கேட்பார்கள். மொத்தம் 15 மதிப்பெண். மருத்துவத்துக்கு இது மிகவும் பயனுள்ள சோதனை. ஆனால் ‘சாக்ஸ்’ என்ற சொல் நினைவில் நிற்காதவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பிடிக்குமா, அவர் தொட்டால் இதமாக இருக்குமா என்பதை இந்த எண் சொல்லாது. இதைத் திருப்பியும் சொல்ல வேண்டும். வந்தவர்களிடம் மரியாதையாகப் பேசி, ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்கிற அம்மாவுக்கு எல்லாம் புரிகிறது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. உபசார வார்த்தைகள் மூளையில் கடைசிவரை தங்கும்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? 1990-ல் அமெரிக்க உளவியலாளர்கள் இருவர் முதியோர் இல்லங்களுக்காகச் சில கேள்விகளை வகுத்துக் கொடுத்தார்கள். இன்றும் அவை பேசப்படுகின்றன. நெருக்கத்தைத் தொடங்குவது யார் என்று இவருக்குத் தெரிகிறதா? வருபவரை வேறு யாரோ என்று நினைத்து ஏற்கிறாரா? வேண்டாத தொடுதலை இவரால் தடுக்க முடிகிறதா? இவர் முன்பு வாழ்ந்த வாழ்க்கைக்கும் மதித்தவற்றுக்கும் இது ஒத்துப்போகிறதா? இந்த உறவு நின்றுபோனால் தாங்குவாரா? இந்தக் கேள்விகளுக்கு மதிப்பெண் கூட்டிச் சொல்கிற கணக்கு இல்லை. உட்கார்ந்து, பேசி, கவனித்துத்தான் சொல்ல முடியும்.

இரண்டாவது கேள்வியைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம். ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 74 வயது மனைவி. இரவில் கணவர் அருகில் வந்து தோளில் கை வைக்கிறார். அவர் திரும்பிப் பார்த்து முகம் மலர்ந்து, ‘அண்ணா, நீங்க எப்ப வந்தீங்க?’ என்கிறார். மலர்ச்சி உண்மை, பாசம் உண்மை. ஆனால் அது எந்த மனிதருக்கு? அந்த நிமிடத்தில் அவருக்கு முன்னால் இருப்பது இறந்துபோன அண்ணன். கணவர் இங்கே நிறுத்திவிட வேண்டும். கையை எடுக்கக்கூடத் தேவையில்லை, அந்த அண்ணனாகவே உட்கார்ந்து ஊர்க்கதை கேட்கலாம். மறுநாள் காலை அதே மனைவி, ‘என்னங்க’ என்று கூப்பிட்டுத் தானாகவே வந்து மார்பில் சாயலாம். நேற்றைக்கு ‘இல்லை’ என்பதும் இன்றைக்கு ‘ஆம்’ என்பதும் ஒரே பெண்ணின் பதில்கள்தான். பெயர் மறந்துபோனாலும், இவர் என் மனிதர் என்ற நிச்சயம் சிலருக்கு நெடுநாள் தங்குகிறது. அதையும் மதிக்க வேண்டும்.

எதிர்க்கவில்லை என்பதால் சம்மதமா?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். டிமென்ஷியா முற்ற முற்ற, அந்த மனிதர் நாள் முழுக்க மற்றவர் கைக்கு உட்பட்டே வாழ்கிறார். கையைத் தூக்கு என்றால் தூக்குகிறார், வாயைத் திற என்றால் திறக்கிறார். குளிப்பாட்டும்போதும் டயப்பர் மாற்றும்போதும் தன் உடம்பை இன்னொருவரிடம் விட்டுவிடப் பழகிவிடுகிறார். அந்தப் பழக்கத்தில் இரவிலும் அசையாமல் படுத்திருப்பார். அது பணிவாக இருக்கலாம், பயமாக இருக்கலாம், என்ன நடக்கிறது என்றே புரியாத திகைப்பாகவும் இருக்கலாம். அதனால் மற்ற எந்தத் தம்பதியைவிடவும் இங்கே மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது ஆபத்து. அவர் தாமாக ஏதாவது செய்கிறாரா என்று பார்க்க வேண்டும்: கையைத் தேடிப் பிடிக்கிறாரா, அருகே நகர்கிறாரா, உங்கள் கன்னத்தைத் தடவுகிறாரா?

வேண்டாம் என்பதை வாய் சொல்லாவிட்டாலும் உடம்பு சொல்லும். தசைகள் விறைக்கும். முகம் சுவர்ப்பக்கம் திரும்பும். துணியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று அடங்கிப்போவார். சில நேரம் பதில் மறுநாள்தான் வரும். காரணமில்லாத அழுகை, குளிக்க மறுப்பது, அந்தக் கட்டிலுக்கு வர மறுப்பது, யாராவது அருகில் வந்தாலே பதறுவது. நடந்தது அவருக்கு ஞாபகம் இல்லாமல் போகலாம். பயம் மட்டும் தங்கிவிடும். நிகழ்ச்சியைப் பதிந்துவைக்கும் நினைவு அழிந்த பிறகும், அது கிளப்பிய உணர்வு நீடிக்கிறது என்பதை மறதிநோய் ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. ‘அவளுக்குத்தான் எதுவும் ஞாபகம் இருக்காதே’ என்ற சமாதானம் இதனால்தான் நிற்காது.

சரி, முன்கூட்டியே எழுதிவைத்தால்? ‘எனக்கு எவ்வளவு மறதி வந்தாலும் என் கணவரோடு உள்ள உறவைத் தடுக்காதீர்கள்’ என்று ஒருவர் தெளிவாக இருக்கும்போதே எழுதலாமே. இப்படிப்பட்ட கடிதங்களுக்கு மதிப்புத் தர வேண்டும் என்று வாதாடும் சட்ட அறிஞர்கள் இருக்கிறார்கள். மறுபக்கம், கனடா உச்ச நீதிமன்றம் 2011-ல் ஒரு வழக்கில் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் வேறு விதமாகச் சொன்னது. அந்த வழக்கில் மறதிநோய் இல்லை, சுயநினைவிழந்து மயங்கிய நிலையில் நடந்த உறவு. சம்மதம் முன்பே கொடுத்துவைக்கிற பொருள் அல்ல, அந்தச் செயல் நடக்கும் நேரம் முழுவதும் விழிப்போடு இருக்க வேண்டும், எந்த நொடியும் திரும்பப் பெற முடிய வேண்டும் என்றது தீர்ப்பு. என் கருத்து இது: எழுதிவைத்தது வீண் இல்லை. இவர் எதை விரும்பினார் என்பதற்கு அது நல்ல சாட்சி, பிள்ளைகளோ இல்லமோ அவசரப்பட்டுக் கதவைச் சாத்தாமல் இருக்க உதவும். ஆனால் இன்றைக்கு அவர் முகம் சுளித்தால் அந்தக் காகிதத்தைக் காட்ட முடியாது.

பிள்ளைகள் விஷயமும் சிக்கலானது. அயோவா வழக்கில், சம்மதம் பற்றிய கேள்வி எழுந்த இடத்தில் மனைவியின் முதல் திருமணத்தில் பிறந்த மகள்களும் இருந்தார்கள். அம்மாவைக் காப்பாற்ற நினைப்பதில் தப்பில்லை, காப்பாற்றத்தான் வேண்டும். ஆனால் ‘பேரன் பேத்தி எடுத்த வயசில் இதெல்லாம் தேவையா’ என்ற நம் கூச்சம் அம்மாவின் மறுப்பு ஆகிவிடாது. முன்பு சொன்ன இங்கிலாந்தின் மனத்திறன் சட்டத்தின் 27-ஆம் பிரிவு ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறது. திருமணத்துக்கும் உடலுறவுக்கும் ஒருவர் சார்பில் இன்னொருவர் சம்மதம் தரவே முடியாது. பாதுகாவலரோ நீதிமன்றமோகூட முடியாது. வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரம் உடம்பு வரை நீளாது.

கணவனையும் மனைவியையும் பிரித்து வைத்தால் பிரச்சினை தீர்ந்தது என்று பல இல்லங்கள் நினைக்கின்றன. எல்லா இடத்திலும் அப்படி இல்லை. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ரிவர்டேலில் உள்ள ஹீப்ரு ஹோம் என்ற முதியோர் இல்லம், 1995-லேயே முதியோரின் பாலியல் உரிமைக்காக ஒரு எழுத்துபூர்வமான கொள்கையைக் கொண்டுவந்தது. தனிமை தருவதும் பணியாளர்களின் பொறுப்பு, சுரண்டலிலிருந்து காப்பதும் அவர்கள் பொறுப்பு என்று இரண்டையும் சேர்த்து யோசித்தார்கள்.

மறுபக்கம்: நோயுள்ளவர் கேட்கும்போது

இதுவரை நோயுள்ளவரின் சம்மதத்தைப் பேசினோம். பராமரிப்பவருக்கும் சம்மதம் என்று ஒன்று உண்டு. இதை நம் ஊரில் யாரும் பேசுவதே இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

சில வகை டிமென்ஷியாவில், முக்கியமாக மூளையின் முன்பகுதியும் பொட்டுப்பகுதியும் பாதிக்கப்படும்போது, கட்டுப்பாடு தளர்ந்துபோகும். மரியாதைக்குப் பெயர் போன மனிதர் ஒரு நாளைக்குப் பலமுறை மனைவியை வற்புறுத்துவார். ஒரு மணி நேரத்துக்கு முன் நடந்தது மறந்துபோய் மீண்டும் கேட்பார். பார்க்கின்சன் நோய்க்குத் தரும் சில மாத்திரைகளாலும் இப்படி ஆவதுண்டு. மருந்தை மாற்றினால் குறையும், ஆனால் டாக்டரிடம் சொன்னால்தானே மாற்ற முடியும்? 70 வயதில் பகல் முழுக்கத் தூக்கி, துடைத்து, ஊட்டிவிட்டுக் களைத்துப்போன ஒரு மனைவி, ‘நோயாளி, பாவம், புருஷன் வேறு’ என்று சகித்துக்கொண்டு போகிறார். அந்தச் சகிப்பும் சம்மதம் ஆகாது. மறுக்க அவருக்கு முழு உரிமை உண்டு. நோயைக் காரணம் காட்டிக் குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை. திட்டாமல், வாதாடாமல், பேச்சை மாற்றிவிடலாம். எழுந்து வேறு அறைக்குப் போகலாம். கட்டிலைத் தனியாகப் போடலாம், தேவையென்றால் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்கலாம்.

வேறு விதமான வலியும் இருக்கிறது. துணையைக் குழந்தைபோலப் பராமரிக்கத் தொடங்கிய பிறகு அவரை அந்த எண்ணத்தோடு பார்க்கவே முடியவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. துணையின் மனம் வேறு பக்கம் போவதும் உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானர், அல்சைமர் வந்த கணவரைப் பார்த்துக்கொள்வதற்காக 2006-ல் பதவியிலிருந்து விலகினார். பராமரிப்பு இல்லத்தில் அந்தக் கணவருக்கு அங்கிருந்த இன்னொரு பெண்மீது காதல் வந்தது. 2007-ல் அவர்களுடைய மகன் இதை வெளிப்படையாகப் பேசினார். அப்பா மகிழ்ச்சியாக இருப்பதைப் பார்த்து அம்மாவுக்கு நிம்மதி என்றார். எல்லோராலும் அப்படி ஏற்க முடியாது, ஏற்க வேண்டும் என்றும் இல்லை. திருமணப் பதிவேட்டில் உள்ள பெயரை வைத்து ஒருவரின் இன்றைய மனத்தைப் படிக்க முடியாது என்பதை அந்தக் குடும்பம் ஊரறியச் சொன்னது, அதற்காக நான் அவர்களை மதிக்கிறேன்.

நோய் இப்போதுதான் தெரிய வந்திருக்கிறது என்றால் உங்களுக்குப் பேச நேரம் இருக்கிறது. இருவரும் மட்டும் இருக்கும்போது கேளுங்கள்: பின்னால் உனக்கு என்னை அடையாளம் தெரியாமல் போனால் நான் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? தொடுவது பிடிக்குமா, எது பிடிக்காது? கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் பிறகு தனியாக முடிவெடுக்க வேண்டிய இரவுகளில் அந்த ஒரு பேச்சு பெரிய துணையாக இருக்கும்.

நோய் முற்றிவிட்டது என்றால், உடலுறவு என்ற ஒன்றை மட்டும் நெருக்கம் என்று நினைக்காதீர்கள். தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடலாம், காலைப் பிடித்துவிடலாம், கையைக் கோத்துக்கொண்டு பழைய பாட்டுக் கேட்கலாம். அதற்கும் கேட்டுவிட்டுத் தொடுங்கள். முகத்துக்கு நேராக வந்து, பெயர் சொல்லி, உள்ளங்கை மேலே தெரியும்படி கையை நீட்டிக் கொஞ்சம் காத்திருங்கள். டிமென்ஷியாவில் ஒரு கேள்வி உள்ளே போய்ப் பதில் வெளியே வர நேரம் பிடிக்கும். சில நொடிகள் ஆகலாம், அரை நிமிடமும் ஆகலாம். அவர் கையை எடுத்து உங்கள் கையில் வைத்தால் பிடித்துக்கொள்ளுங்கள். வைக்கவில்லை என்றால் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருங்கள்.